அண்டாவில் மிதந்த முட்டைகள்

1

அன்று மண்டபத்துச் சமையற்கட்டில் இருந்தவர்களின் பெயர்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் "நானும் அங்கேதான் இருந்தேன்" என்று கிளம்பக் கூடாது. நாகூர் கனியாகிய நான். என் மனைவி மைதீன் பீவி. காலமான என் தம்பியின் மகன் தவ்பீக். மாப்பிள்ளை முகமது ஆசிப்பின் தாய்மாமா, சோழவந்தான் பக்கீர் மஸ்தான். பிரியாணி சமைக்க வந்த பண்டாரி அபுதாகிர். காய் நறுக்க எழுமலையிலிருந்து வந்திருந்த மலையம்மாள். ஆறு பேர். அவ்வளவுதான்.

[ஏழாவதாக ஒருவர் இருந்தார் என்கிறாள் என் மனைவி. அதைப் பிறகு பார்க்கலாம்.]

இந்தக் கதை எனக்குக் கற்பனையில் உதிக்கவில்லை. கொட்டாம்பட்டியில் ஒரு டீக்கடையில் உதித்தது. திருச்சியிலிருந்து திரும்பி வரும் வழியில் வண்டியை நிறுத்தி டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து பெஞ்சில் முன்பின் தெரியாத ஒருவர் இன்னொருவரிடம், "நெல்பேட்டையில முட்டை யாவாரம் பண்றாகளே கனி வீடு, அவுக வீட்டு நிக்காஹ்ல அழுகுன முட்டையப் போட்டாகளாம்ல" என்றார். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன். என் தாத்தா காலத்திலிருந்து நாங்கள் முட்டை வியாபாரம் செய்கிறோம். எங்களிடம் வாங்கிய முட்டையை யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. கொண்டுவந்தவர்கள் உடைத்துக் கொண்டுவந்தவர்கள். அது வேறு கணக்கு.

வதந்திகள் மொத்தம் இரண்டு. முதலாவது அழுகிய முட்டை. அதைத் தீர்க்க ஒரு கதை தேவைப்படுகிறது. இரண்டாவது சின்னது, என்னைப் பற்றியது. அதற்கு ஒரு வரி போதும், கடைசியில் எழுதுகிறேன்.

2

கதையை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் சில தாள்களை வீணாக்கினேன். அவற்றையும் காட்டிவிடுகிறேன். மறைத்தால், எங்கள் வீட்டில் எதையோ மறைக்கிறார்கள் என்று அதற்கும் ஒரு பேச்சு வரும்.

முதல் தொடக்கம்: "வைகையின் மேல் பனி மெல்ல விலகிக்கொண்டிருந்த அந்த அதிகாலை…"

வைகையில் பனி இல்லை. பல மாதங்களில் தண்ணீரே இல்லை. மண்டபமும் வைகைக் கரையில் இல்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "முட்டை என்பது என்ன? ஓடு என்னும் மௌனத்துக்குள் உறங்கும்…"

இதை மைதீன் பீவி வாங்கிப் படித்தாள். "தட்டு என்ன விலைன்னு கேட்டா சொல்ற ஆளு நீங்க. அந்த மாதிரி எழுதுங்க" என்றாள். அடித்துவிட்டேன்.

மூன்றாம் தொடக்கம்: "எங்கள் இரண்டு குடும்பங்களும் சம்பந்தம் பேசியபோது ஒரு வழக்கத்தை ஒப்புக்கொண்டோம்." இது நிற்கும் போலிருக்கிறது. இதிலிருந்தே போகிறேன்.

வழக்கம் இதுதான். வியாபாரக் குடும்பங்கள் சம்பந்தம் செய்தால் அவரவர் தொழில் சரக்கை அவரவரே கல்யாணச் சமையலுக்கு இறக்க வேண்டும். வெளியில் வாங்கினால், 'சொந்தச் சரக்கில் நம்பிக்கை இல்லையா' என்று ஆகிவிடும். நாங்கள் பெண் வீடு, முட்டை எங்களுடையது. அவர்கள் மாப்பிள்ளை வீடு. மஸ்தானுக்குக் கிழங்கு, வெங்காய மண்டி. பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் தாளிச்சாவுக்கு வேண்டிய உருளைக்கிழங்கு அவருடையது. சரக்கை இறக்கும் சாக்கில் அவர் விடிந்ததுமே வந்து, சமையற்கட்டின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மணப்பெண் ஜஸீலா, என் தம்பி மகள். தவ்பீக்கின் அக்கா. தகப்பன் இல்லாத பெண்ணுக்கு நிக்காஹ்வில் பொறுப்பாளியாக நின்று சம்மதம் சொல்ல வேண்டியவன் நான். அதனால் அன்று மிதந்தது முட்டை மட்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

3

பண்டாரிமார்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேகப்போடும் முன் முட்டைகளைத் தண்ணீரில் இறக்கிப் பார்ப்பார்கள். மூழ்கினால் நல்லது, மிதந்தால் கெட்டது. அபுதாகிர் யாரையும் அவமதிக்க அதைச் செய்யவில்லை. கை கழுவுவதுபோல அதுவும் ஒரு பழக்கம். "மாப்ள தவ்பீக், அந்த அண்டாவுல தண்ணி ரொப்பு" என்றார். குழாயில் தண்ணீர் நூலாக வந்துகொண்டிருந்தது. தவ்பீக் எங்கிருந்தோ தண்ணீர் மொண்டு வந்து அண்டாவை நிறைத்தான்.

['எங்கிருந்தோ' என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள். நல்ல எழுத்தாளராக இருந்தால் இதை உங்கள் கண்ணில் படாமல் வைத்திருப்பார். எனக்கு அந்தத் தந்திரம் எல்லாம் வேண்டாம்.]

முட்டைகளைக் கம்பிக் கூடையோடு இறக்கினார்கள். கூடை கீழே போனது. முட்டைகள் போகவில்லை. எல்லாம் மேலே வந்து, வெள்ளை வெள்ளையாகத் தலைகாட்டிக்கொண்டு ஒன்றையொன்று இடித்தன.

"யா அல்லா" என்றார் அபுதாகிர் மெதுவாக. மஸ்தான் காதில் விழும் அளவுக்கு மெதுவாக.

"என்ன பண்டாரி, முட்டை நீச்சல் அடிக்குது?"

"இல்ல மாமு… ஒண்ணு ரெண்டு…"

"ஒண்ணு ரெண்டா? அம்புட்டும் மேல நிக்கிது. கனி அண்ணே, இங்கிட்டு வாங்க. உங்க சரக்கை வந்து பாருங்க."

போனேன். பார்த்தேன்.

"நேத்துப் பண்ணையிலருந்து இறங்குன சரக்கு. எங்க வீட்டு முட்டை மிதக்காது" என்றேன்.

"மிதக்குதே."

"மிதக்காது."

"கண்ணு முன்னால மிதக்குதுண்ணே."

"கண்ணு ஆயிரத்தைப் பாக்கும். எங்க வீட்டு முட்டை மிதக்காது."

[இந்த இடத்தில் நான் பிடிவாதக்காரனாகத் தெரிகிறேனாம். ஜஸீலா போனில் சொன்னாள். நான் சொன்ன வாக்கியத்தில் 'நல்ல தண்ணீரில்' என்ற இரண்டு சொற்கள் குறைகின்றன. மற்றபடி அது சரியான வாக்கியம். மஸ்தானின் வாக்கியத்தில் எத்தனை சொல் சேர்த்தாலும் சரியாகாது.]

தவ்பீக் நடுவில் புகுந்தான். "பெரியத்தா, ஒண்ணை உடைச்சுப் பாத்தா முடிஞ்சுபோச்சு. இதுக்குப் போயி…"

"உடைக்கக் கூடாது" என்றேன் நான்.

"உடைக்க வேணாம்" என்றார் மஸ்தான், அதே மூச்சில்.

இரண்டு குடும்பங்களும் அன்று காலை ஒத்துப்போன ஒரே இடம் அதுதான். காரணத்தை விளக்க வேண்டும். இல்லையென்றால் எங்களை அறிவில்லாதவர்கள் என்று நினைப்பீர்கள். நான் உடைத்தால், என் சொல் போதவில்லை, சாட்சிக்கு முட்டையைக் கூப்பிட்டேன் என்று ஆகும். அவர் உடைத்தால், சம்பந்தி வீட்டுச் சரக்கை உடைத்துப் பார்த்த வீடு என்று பெயர் வரும். உடைக்காமல் சந்தேகப்படுவது மட்டும் கண்ணியமாம். ஆகவே மதுரையில் ஓர் எளிய கேள்விக்கு விடை ஓட்டுக்குள் காத்திருக்க, நாங்கள் அண்டாவைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம்.

மலையம்மாள் கிழங்கு உரிப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: "ஏக்கா பீவி, ஒரு முட்டைய உடைக்க இம்புட்டு ரோசனையா? நானெல்லாம் ரெண்டைக் கலக்கி ஊத்திட்டுத்தேன் பஸ் ஏறுனேன்."

மஸ்தான் சால்வையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "சரிண்ணே. நமக்குள்ள எதுக்குப் பேச்சு? நிக்காஹ் நல்லபடியா நடக்கட்டும். அதை முடிச்சிட்டு நாங்க கிளம்புறோம். சாப்பாடு மட்டும் வேணாம். எங்க ஜனம் வயசானவுக, புள்ளைகளோட வந்திருக்காக பாருங்க."

சோழவந்தானிலிருந்து வந்த கூட்டம் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் எங்கள் சஹன் தட்டில் கை வைக்காமல் எழுந்து போவது! கல்யாணம் நின்றிருந்தால்கூட ஒரு வருடம் பேசி மறந்திருப்பார்கள். சாப்பிடாமல் போனதை ஜஸீலாவின் பேரன் பேத்தி காலம்வரை பேசுவார்கள். அவளும் அந்தப் பேச்சோடுதான் அந்த வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும்.

4

இங்கே கதையை நிறுத்திவிட்டு மிதப்பதைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் ஐந்தாம் பகுதிக்குப் போகலாம். மஸ்தான் வீட்டார் கட்டாயம் இதைப் படிக்க வேண்டும்.

கனமானது மூழ்கும், லேசானது மிதக்கும் என்பது ஊரில் எல்லோரும் வைத்திருக்கும் எண்ணம். தவறு. ஒரு மூங்கில் கட்டு முட்டையைவிட எத்தனையோ மடங்கு கனம், அது மிதக்கும். ஓர் ஊசி முட்டையைவிட லேசு; அது மூழ்கும். ஆக, எடையைத் தனியாகக் கேட்பதில் பயனில்லை. எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டு எவ்வளவு எடை என்று சேர்த்துக் கேட்க வேண்டும். அதற்குப் பெயர் அடர்த்தி.

முட்டை தண்ணீருக்குள் இறங்கும்போது தன் பருமன் அளவு தண்ணீரை ஒதுக்கித் தள்ளுகிறது. முழுவதும் உள்ளே போன பிறகும் தான் ஒதுக்கிய தண்ணீரைவிட எடை கூடுதலாக இருந்தால் முட்டை கீழே போய்விடும். குறைவாக இருந்தால் தண்ணீர் அதை மேலே தூக்கிவிடும். நல்ல முட்டை, அதே பருமன் கொண்ட நல்ல தண்ணீரைவிடச் சற்றே கனம். நாளாக ஆக அதன் ஈரம் ஓட்டின் நுண்துளைகள் வழியே வெளியேறி, அந்த இடத்தில் காற்று புகுகிறது. வெளியே அதே உருவம், உள்ளே எடை குறைவு. அதனால் மிதக்கிறது. பண்டாரியின் சோதனை இதுதான், அதில் குற்றமில்லை.

மனிதர்களிடமும் இந்தச் சோதனையைச் செய்யலாம் என்பது என் சொந்தக் கருத்து. ஒரு சால்வை, இரண்டு கைப்பேசி, மூன்று வீட்டுக்கு மணக்கும் அத்தர், போகும் இடமெல்லாம் "ஆமா மாமு" சொல்ல நாலு பேர் என்று ஒருவர் எவ்வளவோ இடத்தை அடைத்துக்கொள்ளலாம். அவ்வளவு இடத்துக்கும் சேர்த்து உள்ளே இருப்பது எவ்வளவு? நான் யார் பெயரையும் சொல்லவில்லை.

[மைதீன் பீவியின் குறிப்பு, ஓரத்தில்: "மூணு பத்திக்கு முந்திதான் பேரைச் சொன்னீங்க."]

மேலே சொன்ன சோதனைக்கு இரண்டு தரப்பு உண்டு: முட்டை, தண்ணீர். அன்று காலை எல்லோரும் முட்டையைப் பற்றியே பேசினோம். தண்ணீரை யாரும் விசாரிக்கவில்லை. தண்ணீர் யாருக்கும் சம்பந்தி இல்லையே.

5

இனி வருவதை முதலில் இப்படி எழுதினேன்:

"அப்போது மலையம்மாள் உரித்து வைத்திருந்த உருளைக்கிழங்குக் கூடை தற்செயலாகச் சரிந்து, கிழங்குகள் அண்டாவுக்குள் விழுந்தன."

அடக்கமான, யாருக்கும் குறை வராத வாக்கியம். இதை ஜஸீலாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். அவள் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள். அடர்த்தியைப் பற்றி மேலே நான் எழுதியதைத் திருத்தியதும் அவள்தான்.

"கூடை எப்படிப் பெரியத்தா தானாச் சரியும்?"

"சரியும்மா. கல்யாண வீடு. ஆளுக கூட்டம்."

"ஆறு பேருன்னு முதல் பக்கத்துல நீங்களே எழுதிருக்கீங்க."

"அதுல ஒருத்தரு இடிச்சிருக்கலாம்ல?"

"நான்தான் கொட்டுனேன். ஏழாவது ஆளு நான். என்னை எடுத்துட்டுக் கூடைக்குப் பேரு வாங்கித் தர்றீங்களா?"

என் சங்கடத்தை வாசகர் புரிந்துகொள்ள வேண்டும். நிக்காஹ் முடியாத மணப்பெண் அறையைவிட்டு வெளியே வருவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அதிலும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் உட்கார்ந்திருக்கும் சமையற்கட்டுக்கு! இதை எழுதினால் முட்டைக்குப் போன பேர் திரும்பும். பெண்ணுக்கு ஒரு பேச்சு வரும். எழுதாவிட்டால் பெண்ணைப் பற்றிப் பேச்சில்லை. ஆனால் முட்டை யாரால் பிழைத்தது என்ற கேள்விக்கு ஒரு கூடை பதில் சொல்லும். இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை.

மைதீன் பீவி முடித்துவைத்தாள். "அவ அன்னைக்கு வெளிய வரலேன்னா எந்த மானத்தைக் காப்பாத்த இப்ப எழுதிக்கிட்டிருப்பீங்க? புள்ள செஞ்சதைப் புள்ள செஞ்சான்னு எழுதுங்க."

எழுதுகிறேன். கூடை சரியவில்லை.

ஜஸீலா வந்தாள். கல்யாணப் பட்டு, கையில் சிவந்த மருதாணி, தலையில் முக்காடு. (முக்காடு இருந்தது. குறித்துக்கொள்ளுங்கள்.) உள்ளே இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் அண்டாவைப் பார்த்தாள். பிறகு மலையம்மாள் பக்கத்தில் இருந்த கூடையை இரண்டு கையாலும் தூக்கி அண்டாவில் கவிழ்த்தாள்.

கிழங்குகள் ஒரு முங்கு முங்கின. பிறகு ஒவ்வொன்றாக மேலே வந்து முட்டைகளோடு சேர்ந்து ஆடின.

மலையம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"கிழங்கு யாரு வீட்டுது மாமா?" என்றாள் ஜஸீலா.

மஸ்தான் அண்டாவைப் பார்த்தார். கிழங்கைப் பார்த்தார். அவர் மண்டிக் கிழங்கு. அன்று காலையில்தான், இதைப்போல் சரக்கு மதுரையில் எவனிடமும் கிடையாது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லியிருந்தார்.

"உருளைக்கிழங்கு மிதக்காதே!" என்றார்.

"மிதக்குதே" என்றேன் நான்.

[என் வாழ்க்கையில் நான் பேசியவற்றில் மிகவும் பிடித்த ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.]

"அது… தண்ணியில ஏதோ கோளாறு" என்றார் மஸ்தான்.

முட்டை மிதந்தபோது குற்றவாளி முட்டை. கிழங்கு மிதந்ததும் குற்றவாளி தண்ணீர். அடர்த்தியைப் பற்றி ஒரு வகுப்பும் படிக்காமல் அவர் அந்த நொடியில் முழு உண்மையையும் கண்டுபிடித்துவிட்டார். சொந்தச் சரக்கு மிதந்தால் மனிதனுக்கு அறிவு வருகிறது.

"தம்பி, இந்தத் தண்ணிய எங்க மொண்ட?" என்று கேட்டாள் ஜஸீலா.

தவ்பீக் சுவரோரம் கை காட்டினான். அங்கே ஒரு நீல டிரம்.

"அடேய்" என்றார் அபுதாகிர். "அது நேத்துக் குல்ஃபிக்காரரு டிரம்முடா!"

6

தெரியாதவர்களுக்காக: முந்தின நாள் மருதாணி விருந்துக்குக் குல்ஃபி வைத்திருந்தோம். குல்ஃபி உறையவேண்டுமென்றால் பனிக்கட்டி மட்டும் போதாது. சுற்றிலும் கல்லுப்பை அள்ளிக் கொட்டுவார்கள். அப்போதுதான் அந்தக் கடுங்குளிர் வரும். விருந்து முடிந்து குல்ஃபிக்காரர் பானைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டிரம்மை மறுநாள் எடுக்கலாமென்று விட்டுவிட்டார். பனிக்கட்டி கரைந்தது. உப்பும் கரைந்தது. அந்தத் தண்ணீர் கடலைவிடக் கனமாக, பார்க்க வெறும் தண்ணீர்போல, ஒன்றும் தெரியாத முகத்தோடு காத்திருந்தது.

உப்பு கரைந்தால் தண்ணீரின் பருமன் அவ்வளவாகக் கூடாது, எடை கூடும். அப்போது முட்டை ஒதுக்கும் தண்ணீர் முட்டையைவிடக் கனமாகிவிடும். அவ்வளவுதான். நம் தகுதி குறையாமலே நாம் மிதக்க நேரலாம். சுற்றியிருப்பவர்கள் அப்படிப்பட்டவர்களாக இருந்தால் போதும்.

"வாயில வச்சுப் பாத்தாத் தெரிஞ்சிரும்" என்றாள் ஜஸீலா.

தவ்பீக் கையை நீட்டினான். மஸ்தான் தடுத்தார். "சின்னப் பய சொன்னா நாளைக்குச் செல்லுமா? பெரியவுக யாராச்சும் பாக்கணும். உங்க மண்டபம், உங்க டிரம்மு, நீங்களே பாருங்கண்ணே."

கடைசிவரை அந்த மனிதர் தன் நாக்கை நனைக்கவில்லை. நான் ஒரு டம்ளர் கேட்டேன். அண்டாவிலிருந்து மொண்டேன். முட்டையும் கிழங்கும் இரண்டு பக்கமும் ஒதுங்கி எனக்கு வழி விட்டன. வாயில் ஊற்றினேன்.

"உப்பு" என்றேன்.

ஜஸீலா அறைக்குத் திரும்பிவிட்டாள். அண்டாவைக் கவிழ்த்துக் கழுவி, குழாயில் நூலாக வந்த தண்ணீரைப் பொறுமையாகப் பிடித்து நிறைத்தார்கள். கிழங்கு மூழ்கியது. முட்டைகள் மூழ்கின. ஒன்றே ஒன்று மட்டும் அடியில் படுக்காமல் செங்குத்தாக நின்றது. அது மூழ்கியதா மிதந்ததா என்று மஸ்தான் கேட்டார். நின்றது என்றேன். எங்கள் வீட்டு முட்டை.

7

எப்படி முடிப்பது?

ஒரு முடிவு எழுதி வைத்திருந்தேன்: "பக்கீர் மஸ்தான் கண் கலங்க என் கைகளைப் பற்றிக்கொண்டு, 'அண்ணே, என்னை மன்னிச்…'"

தவ்பீக் இதைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கிழித்துவிட்டேன்.

இன்னொன்று: ஜஸீலா தன் வகுப்பில் ஒரு டம்ளர் தண்ணீரில் முட்டையைப் போட்டு, உப்பைக் கரைத்துக்கொண்டே போய், அது மெல்ல எழுந்து வருவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதாக முடியும். இது உண்மையிலேயே நடந்தது; ஆசிப் படம் பிடித்து அனுப்பினார். நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். ஆனால் அது பாடத்தின் முடிவு. சம்பந்தத்தின் முடிவு ஆகாது.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். நிக்காஹ் முடிந்தது. சோழவந்தான் கூட்டம் எழுந்து போகவில்லை; பாய் விரித்து உட்கார்ந்தது. ஒரே சஹனில் நாலு பேர்: நான், மஸ்தான், ஆசிப், தவ்பீக். பிரியாணியின் மேல் நாலு முட்டைகள். ஆசிப் தன்னுடையதைப் பிட்டுக்கொண்டார். தவ்பீக் பிட்டுக்கொள்ளக்கூட இல்லை. அப்படியே வாயில் போட்டுக்கொண்டான். இரண்டு மிஞ்சின.

நான் முதலில் எடுத்தால், 'பாருங்கள், நல்ல முட்டைதான்' என்று நிரூபிக்க அவசரப்படுகிறேன் என்று ஆகும். எங்கள் வீட்டு முட்டைக்கு நிரூபணம் தேவையில்லை. அவர் முதலில் எடுத்தால் காலையில் பேசியதை விழுங்கியதாக ஆகும். இருவரும் ஓரங்களிலிருந்தே சாப்பிட்டுக்கொண்டு வந்தோம். சோறு குறைந்தது. இறைச்சி தீர்ந்தது. தாளிச்சாக் கிழங்கு நன்றாகவே இருந்தது. அதை நான் எடுத்துச் சாப்பிட்டேன், என் பெருந்தன்மையை வாசகர் கவனிக்க வேண்டும். நடுவில் இரண்டு முட்டைகள் மட்டும் நின்றன.

"மாமா, ஆறிப்போகுது" என்றார் ஆசிப். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. நாங்கள் இருவருமே அவருக்கு மாமாதான்.

அந்த முட்டைகளை யார் முதலில் எடுத்தார் என்று எழுத மாட்டேன். மஸ்தான் என்று எழுதினால் சம்பந்தி வீட்டைத் தலைகுனிய வைத்த கதை ஆகும். என் பிள்ளை அங்கே வாழ்கிறாள். நான் என்று எழுதினால்… எழுத மாட்டேன். சஹன் உங்கள் முன்னால் இருக்கிறது. யாருடைய கையை நீட்ட வைப்பது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அவசரமில்லை. நல்ல முட்டை, தாங்கும்.

8

இரண்டாவது வதந்தி. டம்ளர் தண்ணீரை வாயில் ஊற்றியதும் நாகூர் கனி முகத்தைச் சுளித்து, சம்பந்தி முன்னால் அதைத் துப்பிவிட்டார் என்று நெல்பேட்டை முதல் சோழவந்தான் வரை சொல்கிறார்கள்.

நான் துப்பவில்லை. விழுங்கினேன்.